முதலில் கையைத் தொட்டுப் பார்

தங்கச்சி,

நம் அச்சன்புதூரில் ‘நெர்வ் கண்டக்‌ஷன் டெக்னீஷியன்’ என்று சொன்னால் யாருக்கும் பிடிபடாது. “கரண்ட் வச்சு நரம்பு பாக்குற பிள்ள” என்றால் உடனே புரிந்துவிடும். பதினோரு வருஷமாக நான் அந்தப் பிள்ளை. திங்கட்கிழமையிலிருந்து நீயும். மீடியன் நரம்பு எங்கே ஓடுகிறது, அல்நார் நரம்பு எங்கே வளைகிறது என்பதெல்லாம் நீ பரீட்சைக்குப் படித்ததுதான். படிப்பில் வராததை, அல்லது ஒரே வரியில் வந்து போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஜூலை மாதம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நல்ல சாரல். வாசலில் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். லாரி ஓட்டுகிற ஓர் அண்ணாச்சி, குடும்பத்தோடு குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, வந்ததோடு வந்ததாக டெஸ்டையும் முடித்துக்கொண்டு போகலாமென்று தலை காயாமல் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையும் மதமதப்பாக இருக்கிறதாம். நான் அவசரத்தில் எலக்ட்ரோடை ஒட்டினேன், கரண்ட் கொடுத்தேன், அலையைப் பதிந்தேன். மீடியன் லேட்டன்ஸி, அதாவது கரண்ட் கொடுத்ததிலிருந்து அலை கிளம்பும் வரை ஆகும் நேரம், 4.9 மில்லிசெகண்ட். வேகம் நொடிக்கு 39 மீட்டர். அல்நாரும் அப்படியே மந்தம். தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். “எல்லா நரம்பும் ஒண்ணுபோல மெதுவா ஓடுது. ஆனா அலை மட்டும் இவ்வளவு உயரமா இருக்கே. கையைத் தொட்டுப் பாத்தியாம்மா?” என்று கேட்டார்.

பார்க்கவில்லை. திரும்பிப் போய்த் தொட்டேன். மண்பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. தோலில் வைத்த வெப்பமானி 26 டிகிரி காட்டியது. வெந்நீரில் கையை வைக்கச் சொல்லி, துடைத்து, 32க்கு மேல் வந்த பிறகு மறுபடி பார்த்தேன். லேட்டன்ஸி 3.7. வேகம் 51. அந்த மனிதருக்கு நரம்பில் ஒரு கோளாறும் இல்லை. முதல் தாள் அப்படியே போயிருந்தால் இரண்டு கையிலும் நரம்பு நோய் என்று எழுதப்பட்டிருக்கும். வண்டி ஓட்டிப் பிழைக்கிற மனிதர். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் முதல் பாடம், எல்லாவற்றுக்கும் முந்தினது: மெஷினை ஆன் பண்ணுவதற்கு முன்னால் நோயாளியின் கையைத் தொடு, பாதத்தைத் தொடு. அதற்குப் பிறகு வெப்பமானியை வை. கை 32 டிகிரிக்குக் குறையக் கூடாது, பாதம் 30க்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் நரம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் விழும், லேட்டன்ஸி 0.2 மில்லிசெகண்ட் நீளும். அந்த அண்ணாச்சிக்கு ஆறு டிகிரி குறைவு. கணக்கைப் போட்டுப் பார், அச்சாக வரும்.

இன்னொன்றையும் கவனி. குளிரில் வேகம் குறையும், ஆனால் அலையின் உயரம் கூடும். நரம்புச் சுவரில் சோடியம் போகிற வாசல்கள் குளிரில் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுகின்றன. கூடுதல் நேரம் திறந்து கிடப்பதால் அலை பெரிதாகிறது. நரம்பு உண்மையிலேயே பட்டுப்போயிருந்தால் உயரம்தான் முதலில் விழும். எல்லாம் மந்தமாக, ஆனால் உயரமாக ஒரு பதிவு வந்தால், நோயைச் சந்தேகப்படுவதற்கு முன் ஏ.சி.யைச் சந்தேகப்படு. குளிரின் இந்த வேலை நாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஒரு தவளைக் காலை வைத்துக்கொண்டு நரம்புச் செய்தியின் வேகத்தை முதன்முதலில் அளந்தார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர். நரம்பைக் குளிரவைத்தால் வேகம் குறைகிறது என்பதையும் அப்போதே அவர் பார்த்துவிட்டார்.

மற்ற ஊர்க்காரர்களைவிட இந்தக் கவனம் நமக்குக் கூடுதலாக வேண்டியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் காற்றுமாகத்தான் நம் பக்கம் இருக்கும். அருவியில் குளித்தவர்கள் மட்டும் இல்லை, நடவு வயலிலிருந்து சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு நேராக வருகிற பெண்கள் இருக்கிறார்கள், பைக்கில் நனைந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். வந்தவுடனே படுக்கையில் ஏற்றாதே. ஒரு போர்வையைக் கொடுத்து உட்கார வை. வெந்நீர்ப் பையோ வெந்நீர் வாளியோ, பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகட்டும். தோல் சீக்கிரம் சூடாகிவிடும், உள்ளே இருக்கும் நரம்புக்குச் சூடு போய்ச் சேர நேரமெடுக்கும். ஐந்து நிமிஷத்தில் தூக்கிவிடாதே.

அந்த வெந்நீரை முதலில் உன் கையை விட்டுப் பார். சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சியே இருக்காது. “சூடா இருக்கா தாத்தா?” என்று கேட்டால், “இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு” என்பார். அவருக்குத் தெரியாமலே தோல் வெந்துவிடும். அது கொப்புளமாகி, புண்ணாகி, எங்கே போய் முடியும் என்பது உனக்குத் தெரியும். அவர் வார்த்தையை வைத்துச் சூட்டை முடிவு பண்ணவே பண்ணாதே.

எண்ணெய்

குற்றாலம் என்றால் எண்ணெய்த் தேய்ப்பும் உண்டு. நல்லெண்ணெயைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருகிறவர் தோலில் எலக்ட்ரோடு ஒட்டாது. ஒட்டினாலும் அடியில் எண்ணெய்ப் படலம் இருந்துகொண்டு சிக்னலைத் தடுக்கும், திரையில் புழுப் புழுவாக இரைச்சல் ஓடும். நம் ஊர்ப் பெண்கள் வெடிப்புக்காகப் பாதத்தில் தேங்காயெண்ணெய் தடவுவதும் அப்படித்தான். சோப்புப் போட்டுக் கழுவச் சொல், துடை, பிறகு ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தேய்ப்பு. மருதாணியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அது ஒன்றும் செய்யாது. கல்யாணம் முடிந்து சிவக்கச் சிவக்க வந்த கையை அழித்துவிடுகிற மாதிரித் தேய்க்காதே.

இரைச்சல் அதிகமாக வந்தால் 50 ஹெர்ட்ஸ் ஃபில்டரைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் வேண்டாம். அது சின்ன அலையின் உருவத்தையும் சேர்த்து மாற்றிவிடும். எர்த் எலக்ட்ரோடு சரியாக ஒட்டியிருக்கிறதா, கரண்ட் கொடுக்கும் இடத்துக்கும் பதியும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறதா, ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவா, பக்கத்து பிளக்கில் யாராவது செல்போன் சார்ஜர் போட்டிருக்கிறார்களா என்று பார். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

கரண்ட் கொடுக்கும்போது

‘ஷாக்’ என்ற வார்த்தையை லேபில் சொல்லாதே. மின்கம்பத்தில் அடிபட்டவர்களைப் பார்த்த ஜனங்கள். “விரலால சுண்டுற மாதிரி இருக்கும், கை தானா துள்ளும், வேணாம்னு சொன்னா அப்பவே நிறுத்திருவேன்” என்று சொல். அப்படிச் சொல்லத் தகுதி வேண்டும் என்பதற்காகவே, வேலையில் சேரும் அன்று உன் கையிலேயே எல்லா நரம்பையும் பார்த்துவிடு. மணிக்கட்டில் 20 மில்லியாம்ப் எப்படி இருக்கிறது, முழங்கையில் 40 எப்படி இருக்கிறது, கணுக்காலில் எப்படி வலிக்கிறது என்று உன் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குறைவாகத் தொடங்கு, படிப்படியாக ஏற்று. கூட்டிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் அலை அதற்கு மேல் வளராது. அங்கிருந்து இன்னும் 20 சதவீதம் கூட்டிப் பதிவு செய். இந்தக் கடைசி 20 சதவீதத்தில்தான் புதுப் பிள்ளைகள் தவறுகிறார்கள், அதுவும் நல்ல மனசால் தவறுகிறார்கள். ஓர் ஆச்சி “யம்மா, போதும் தாயி” என்று முனகினால் நமக்கு இரக்கம் வந்துவிடும், கரண்டைக் கூட்டாமல் நிறுத்திவிடுவோம். அலை பாதி உயரம்தான் வந்திருக்கும். படிக்கிற டாக்டருக்கு அது பாதி நரம்பு செத்துப்போன மாதிரித் தெரியும். ஆச்சிக்கு இல்லாத நோயை நாம் எழுதிக் கொடுத்தாகிவிடும். இரக்கத்தைப் பேச்சில் காட்டு, நடுவில் ஓய்வு கொடு, கையைப் பிடித்துக்கொள். கரண்டை அரைகுறையாக விடாதே. அதற்காக அளவு தெரியாமல் ஏற்றவும் கூடாது. மணிக்கட்டில் கரண்ட் அதிகமானால் மீடியனிலிருந்து பக்கத்து அல்நாருக்குத் தாவிவிடும், அலையின் உருவமே மாறும். கண் திரையில் ஒன்று, கையில் ஒன்று இருக்கட்டும். எந்த விரல் துள்ளுகிறது என்று பார்த்தாலே எந்த நரம்பு என்று தெரிந்துவிடும்.

கரண்ட் கொடுக்கும் ஸ்டிமுலேட்டரின் கேத்தோடு (எதிர்) முனை, பதியும் எலக்ட்ரோடு பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பதினைந்தாவது நோயாளிக்கு, பசி நேரத்தில், இது திரும்பிவிடும். லேட்டன்ஸி 0.3, 0.4 மில்லிசெகண்ட் கூடிப்போகும். நான் கேத்தோடு முனைக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். நீயும் வை.

பேஸ்மேக்கர் வைத்தவரா என்று கேட்காமல் தொடங்காதே. ‘நெஞ்சுல மெஷின் வச்சிருக்கீங்களா’ என்று கேட்டால் புரியும். இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்.

டேப்

லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய மெஷின் மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சரியாகச் சொல்லும். அதைக் கெடுப்பது பத்து ரூபாய் டேப். வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுப்பது, அவ்வளவுதான். நேரத்தை மெஷின் அளக்கிறது, தூரத்தை நாம் அளக்கிறோம். முழங்கையைச் சுற்றி அல்நாரைப் பார்க்கிறாய் என்று வை. 10 சென்டிமீட்டர் தூரத்துக்கு 2 மில்லிசெகண்ட் என்றால் வேகம் 50. முழங்கையை நீட்டி வைத்துக்கொண்டு அதே இடத்தை அளந்தால் டேப்பில் 8தான் வரும், ஏனென்றால் நீட்டிய கையில் நரம்பு உள்ளே மடிந்து தளர்ந்து கிடக்கும், தோல்மேல் தூரம் குறைவாகத் தெரியும். வேகம் 40 என்று எழுதுவாய். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று யாராவது கத்தி வைக்கும் யோசனைக்குப் போவார்கள். முழங்கையை மடக்கி வைத்தே கரண்ட் கொடு, மடக்கி வைத்தே அள. இரண்டு முறை அள. டேப் துணியாக இருந்தால் இழுபட்டு நீண்டிருக்கும், வருஷத்துக்கு ஒன்று மாற்று.

பீடி சுற்றுகிற கைகள்

நம் தென்காசிப் பக்கத்தில் உன்னிடம் அதிகமாக வரப்போவது இரண்டு கூட்டம். ஒன்று, பீடி சுற்றுகிற பெண்கள். மடியில் சுளவை வைத்துக் குனிந்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் காலையிலிருந்து ராத்திரிவரை உருட்டிக்கொண்டே இருக்கும். அந்த மூன்று விரலிலும் உணர்ச்சியைக் கொண்டுபோவது மீடியன் நரம்புதான். அது மணிக்கட்டில் ஒரு குறுகிய வாசலுக்குள் நசுங்கும்போது, “ராத்திரி ரெண்டு மணிக்கு கை மரத்து முழிப்பு வருது, உதறுனா சரியாகுது” என்பார்கள். அந்த ‘உதறுனா’வைத் தாளில் குறித்து வை. டாக்டருக்கு அது பெரிய துப்பு.

சாதாரணப் பதிவு சரியாக வந்துவிட்டதென்று இவர்களை அனுப்பிவிடாதே. தொடக்க நிலையில் மீடியன் லேட்டன்ஸி தனியாகப் பார்த்தால் நார்மலுக்குள் இருக்கலாம். மோதிர விரலில் மீடியனும் போகிறது, அல்நாரும் போகிறது. ஒரே தூரத்தில் இரண்டையும் பார்த்து ஒப்பிடு. 0.5 மில்லிசெகண்ட், அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கே சங்கதி இருக்கிறது. ஒரே கை, ஒரே சூடு, ஒரே விரல் என்பதால் இந்த ஒப்பீட்டில் குளிரின் பொய்யும் பெரும்பாலும் கழிந்துவிடும். டாக்டர் எழுதிக் கொடுக்காவிட்டால் போய்க் கேள்: “சார், ரிங் ஃபிங்கர் கம்பேரிசன் பாக்கட்டுமா?” நான் கேட்டு யாரும் கோபித்ததில்லை.

இந்தப் பெண்களுக்கு லேபில் ஒரு மணி நேரம் என்பது இத்தனை பீடி என்று கணக்கு. வரிசையில் அவர்களை நாள் முழுக்க உட்கார வைக்காதே.

இரண்டாவது கூட்டம், சர்க்கரை. “செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம வீடுவரைக்கும் வந்துட்டேம்மா.” இதை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று எண்ண முடியாது. வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் சூரல் நரம்பைப் பார்ப்பாய். நல்ல அலையே பத்து, பதினைந்து மைக்ரோவோல்ட்தான். கை அலையை மில்லிவோல்ட்டில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தூசி. ‘வரவில்லை’ என்று எழுதுவதற்கு முன்னால் எலக்ட்ரோடைக் கொஞ்சம் நகர்த்து, சராசரி எடுக்கும் பட்டனைப் போட்டுப் பத்துத் தடவை பதி, காலைத் தளர்த்தச் சொல். ‘வரவில்லை’ என்ற ஒரு சொல் எவ்வளவு கனமானது என்று நினைத்துக்கொண்டு எழுது. காலைக் கையில் எடுத்ததும் விரலிடுக்கைப் பார். புண் இருந்தால் டெஸ்டைவிட அதுதான் அவசரம்.

வாயை எங்கே மூடுவது

எலக்ட்ரோடைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்பார்கள்: “என்னம்மா, நரம்பு எப்படி இருக்கு?” உன் முகத்தையே பார்ப்பார்கள். “டாக்டர் எல்லாத்தையும் சேத்துப் பாத்துச் சொல்லுவாங்க” என்று மட்டும் சொல், எல்லோருக்கும் ஒரே முகத்தோடு சொல். ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லை மட்டும் உன் வாயிலிருந்து வரவிடாதே. நம் நாட்டில் போலி வைத்தியர்கள் அந்தச் சொல்லைச் சுவர்களில் எழுதி, லாட்ஜ்களில் அறை போட்டு, எத்தனையோ பையன்களின் பணத்தையும் நிம்மதியையும் பறித்திருக்கிறார்கள். கை நடுங்குகிறது என்று வருகிற இருபது வயதுப் பையன் பெரும்பாலும் அந்தப் பயத்தோடுதான் வந்திருப்பான். அவனிடம் மரியாதையாகப் பேசு, சிரிக்காதே.

தொழுநோயும் அப்படித்தான். தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே வந்துவிட்டது என்று 2005 டிசம்பரோடு கணக்குச் சொன்னார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள்தான் பிடிக்கும், அதனால்தான் முழங்கைக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்நாரைப் பிடிக்கிறது. அந்த நரம்பு விரலுக்குக் கயிறு மாதிரித் தட்டுப்பட்டால், பக்கத்தில் வெளிறிய, உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் சொல். நோயாளி முன்னால், அவரோடு வந்தவர் முன்னால் ஒரு வார்த்தை வேண்டாம். மருந்து இருக்கிறது, முழுசாகக் குணமாகும். சீக்கிரம் பிடித்தால் விரல் மடங்காது. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை மாற்றிக் கட்டி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1940களின் கடைசியிலேயே தொடங்கினார். அந்த நிலைமைக்கு ஒருவரும் போகாமல் தடுக்கிற இடத்தில் இன்று நீ உட்கார்ந்திருக்கிறாய்.

ஐ.சி.யூ.வுக்கு மெஷினைத் தள்ளிக்கொண்டு போகும் நாளும் வரும். நரம்பைத் திடீரென்று தாக்கும் கில்லன்-பாரே நோய். நேற்று நடந்தவர் இன்று காலைத் தூக்க முடியாமல் கிடப்பார். 2025 தொடக்கத்தில் புனேயில் ஒரே சமயத்தில் நிறையப் பேருக்கு வந்து நாடே பேசியது நினைவிருக்கும். முதல் சில நாட்களில் வழக்கமான பதிவுகள் நார்மலாகவே வரலாம். முதுகுத்தண்டுவரை போய்த் திரும்பி வருகிற எஃப் அலையும் எச் ரிஃப்ளெக்ஸும்தான் முதலில் காணாமல் போகும், அவற்றைப் பார்க்காமல் திரும்பாதே. கழுத்தில் மருந்துக் குழாய் (லைன்) போட்டிருந்தால் அந்தப் பக்கம் கழுத்துக்கருகில் கரண்ட் கொடுக்காதே.

ஒரு பெண்ணாக

உன் அறையில் ஒரு திரை, இரண்டு சுத்தமான லுங்கி, ஒரு பெரிய துண்டு எப்போதும் இருக்கட்டும். முழங்காலுக்குப் பின்னால் நரம்பைத் தேட வேண்டியிருக்கும்போது, பேன்ட் போட்டு வந்தவரும் சங்கடப்படுவார், சேலையில் வந்தவரும் சங்கடப்படுவார். நம் ஊரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் புர்கா போட்டு வருகிற பெண்கள், பார்ப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும் விடுகிற மூச்சு உனக்கே கேட்கும். எந்த இடத்தைத் தொடப்போகிறாய், ஏன் என்று சொல்லிவிட்டுத் தொடு. ஆண் நோயாளி என்றால் கதவு திறந்திருக்கட்டும், துணைக்கு ஒருவர் இருக்கட்டும். யாராவது தப்பாகப் பேசினால் டெஸ்டை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து வா. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

கைக்குழந்தை வந்தால் தாய் மடியிலேயே வைத்துப் பார். பிறந்த குழந்தையின் நரம்பு வேகம் பெரியவர்களில் பாதிதான் இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதே.

உன் மணிக்கட்டையும் பார்த்துக்கொள். நாள் முழுக்க ஸ்டிமுலேட்டரை அழுத்திப் பிடித்து எனக்கே வலது கட்டைவிரலில் வலி வந்தது. நான்கு நோயாளிக்கு ஒரு முறை கையை விரித்து மடக்கு. சான்றிதழ்களைப் பத்திரமாக வை. துணை மருத்துவத் தொழில்களுக்கென்று 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது, நம் வேலையும் அதில் சேர்கிறது. பதிவு கேட்கும் நாளில் தாளுக்காக அலையக் கூடாது.

திங்கட்கிழமைக்குப் பையில் வைக்க வேண்டியவை: தோல் வெப்பமானி, புது டேப், மார்க்கர் பேனா, வெந்நீர்ப் பை, சின்ன சோப்பு, சிவப்பு நகப்பூச்சு, மதியச் சோறு. காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, சாரல் அடித்துக் கை விறைத்துவிடும். போனதும் உன் இரண்டு உள்ளங்கையையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு முதல் நோயாளியைக் கூப்பிடு. உன் கை குளிர்ந்திருந்தால் அவர் கை குளிர்ந்திருப்பது உனக்குத் தெரியாது.

அக்கா